ஸ்கூல்ல ஒரு நாள் பேச்சு வச்சா போதுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வருஷா வருஷம் ஜூன் 26 போதை ஒழிப்பு தினத்துக்கு எங்க ஸ்கூல்ல ஊர்வலம், உறுதிமொழி எல்லாம் உண்டு. ஒரு போலீஸ் அதிகாரி வந்து பேசுவார், போதையிலிருந்து மீண்ட ஒருத்தர் தன் கதையைச் சொல்லுவார். பசங்க கண்ணு கலங்கிடும். ரெண்டே மாசத்துல பாத்ரூம்ல வேப் (நிகோடின் ஆவியை இழுக்கற இ-சிகரெட்) சிக்குது. எங்க சார் கோட்டை விடறோம்? (ஒரு ஆசிரியை)

பதில்: டீச்சர், கண்ணு கலங்கறது வேற, பழக்கம் மாறறது வேற. அமெரிக்காவுல 1983ல லாஸ் ஏஞ்சலஸ்ல 'டேர்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, போலீஸ்காரரே யூனிஃபார்மோட கிளாஸுக்கு வந்து பாடம் எடுப்பார், நாடு முழுக்க பரவுச்சு, அப்பா அம்மாவுக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு, ஆனா அந்த கிளாஸ்ல உக்காந்த பசங்களையும் உக்காராத பசங்களையும் வருஷக்கணக்கா ஒப்பிட்டுப் பாத்தா போதைப் பழக்கத்துல பெரிய வித்தியாசமே இல்ல. பிற்பாடு அவங்களே பழைய பாடத்தைத் தூக்கி வச்சுட்டு வேற பாடத்துக்கு மாறிட்டாங்க. ஐ.நா.வோட போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் 2013ல ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. எது பலன் தராதுன்னு அதுல ஒரு பட்டியலே இருக்கு: வெறும் லெக்சர், பயமுறுத்தறது, மீண்டவங்க கதை சொல்றது, போலீஸ் கிளாஸ் எடுக்கறது. உங்க ஸ்கூல் நிகழ்ச்சி நிரல் மாதிரியே இருக்குல்ல?

பயம் ஏன் வேலை செய்யலன்னா, 'ஒரு தடவை தொட்டா செத்துடுவே'ன்னு நாம சொல்றோம், அடுத்த வாரமே சீனியர் ஒருத்தன் இழுத்துட்டு ஜம்முனு கிரிக்கெட் ஆடறதை பையன் பாக்கறான், அன்னியோட நாம சொன்ன உண்மையான விஷயமும் சேர்ந்து பொய்யாயிடுது. மீண்டவர் கதையிலயும் இதே சிக்கல்தான். அவர் பட்ட கஷ்டம் பசங்க மனசுல நிக்கறதில்ல, 'இவ்ளோ பண்ணியும் நல்லாத்தானே நிக்கறாரு'ங்கறதுதான் நிக்குது.

பலன் தர்றது கொஞ்சம் போரடிக்கற விஷயம். கில்பர்ட் பாட்வின்ங்கற அமெரிக்க உளவியல் நிபுணர் உருவாக்கின வாழ்க்கைத் திறன் பாடத்துல முதல் வருஷம் 15 கிளாஸ், அடுத்த வருஷம் 10, அதுக்கடுத்த வருஷம் 5. அதுல போதைப்பொருள் பத்தின தகவல் கொஞ்சம்தான், பெரும்பகுதி பயிற்சி. ரெண்டு பசங்களை முன்னாடி நிறுத்தி ஒருத்தனை வற்புறுத்தச் சொல்லுங்க. "ஒரே இழுப்புடா மச்சி, பயந்தாங்கொள்ளியா நீ?" முதல் தடவை எதிர்ல நிக்கறவன் இளிப்பான், ரெண்டாவது தடவை "எங்கப்பா திட்டுவார்"னு முனகுவான், கிளாஸே சிரிக்கும், சிரிக்கட்டும் விடுங்க. மறுபடி மறுபடி பண்ண வச்சா ஒரு கட்டத்துல "வேணாம்டா, நாளைக்கு மேட்ச் இருக்கு, வா போலாம்"னு தானா வரும் பாருங்க, குரல் உயராம, கண்ணைப் பாத்து, பேசிக்கிட்டே நகர்ந்து போறது. அது வாயில பழகியிருந்தாத்தான் நிஜமா ஒருத்தன் நீட்டும்போது வரும். அதோட பேர் எழுதாத சீட்டுல 'நீ பிடிக்கறியா?'ன்னும், 'கிளாஸ்ல எத்தனை பேர் பிடிக்கறாங்கன்னு நினைக்கற?'ன்னும் கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டாவது கேள்விக்கு வர்ற நம்பர் நிஜத்தை விட ரொம்ப பெருசா இருக்கும். எல்லாரும் பண்றாங்கங்கற நினைப்புதான் பாதி பேரை இழுக்குது, அது உடைஞ்சாலே பெரிய விஷயம்.

கேள்வி: 15 வயசுப் பையன் பையில வேப் கிடைச்சுது. அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா அடிச்சே கொன்னுடுவார். ஆன்லைன்ல யூரின் டெஸ்ட் கிட் வாங்கி வாராவாரம் செக் பண்ணலாமான்னு யோசிக்கறேன். (ஒரு அம்மா)

பதில்: கிட் வேணாம்மா. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கமே வீட்டுல டெஸ்ட் பண்றதை வேணாம்னுதான் சொல்லுது. ரிசல்ட்டைத் தப்பா புரிஞ்சுக்க நிறைய வாய்ப்பு இருக்கு, பையன் ஏமாத்தக் கத்துப்பான், அதை விட முக்கியமா நீங்க அம்மாங்கறது போய் அவன் கண்ணுக்கு வார்டன் ஆயிடுவீங்க.

கைல எடுத்த அந்த நிமிஷமே பேசாதீங்க. உங்க கோபம் அடங்கினப்புறம், அவன் பசியோட இல்லாத நேரமா பாத்து, முடிஞ்சா வண்டில போகும்போதோ நடந்து போகும்போதோ, அதாவது மூஞ்சிக்கு மூஞ்சி பாக்க வேண்டியிராத இடத்துல ஆரம்பிங்க. "ஏன்டா இப்படிப் பண்ண?"ன்னு கேட்டா பதில் வராது, ஏன்னு அவனுக்கே தெரியாது. "உன் பையில இது இருந்துச்சு, எனக்கு பயமா இருக்கு. முதல்ல எப்போ? யாரு குடுத்தா? காலைல எழுந்ததும் வேணும்னு தோணுதா?"ன்னு கேளுங்க. கடைசிக் கேள்வி முக்கியம், தோணுதுன்னு சொன்னா நிகோடின் பிடிச்சுடுச்சுன்னு அர்த்தம், திட்டினா விடற விஷயம் இல்ல அது, டாக்டர்கிட்ட போகணும். பழக்கத்தை விட்ட முதல் சில நாள் எரிச்சல், தூக்கமின்மை, படிப்புல கவனமின்மை எல்லாம் இருக்கும், அதைத் திமிருன்னு எடுத்துக்காதீங்க. அவசரத்தை அடக்கி யோசிக்க வைக்கற மூளையோட முன்பகுதி முழுசா முதிர 25 வயசு கிட்ட ஆயிடும், அதுக்கு முந்தின வயசுல பழக்கம் ஒட்டிக்கறதும் வேகம்.

அப்பா விஷயம். மறைக்கறது நல்லதில்ல, ஆனா முதல்ல அவர்கிட்ட தனியா பேசி, அடி கிடையாதுன்னு வாக்கு வாங்கிட்டு அப்புறம் சொல்லுங்க. வீட்டுல ஒருத்தர் அடிக்கறவர், ஒருத்தர் ஒளிக்கறவர்னா நடுவுல பையன் சுலபமா நழுவிடுவான்.

கேள்வி: பிடிபட்ட பையனை சஸ்பெண்ட் பண்ணாம விட்டா மத்தவனுக்கு பயம் விட்டுப் போயிடாதா? (ஒரு தலைமை ஆசிரியர்)

பதில்: விடச் சொல்லல சார். வீட்டுக்கு அனுப்பாதீங்கன்னுதான் சொல்றேன். அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துலயும் ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலத்துலயும் ஸ்கூல்களை ஒப்பிட்டுப் பாத்ததுல, சஸ்பெண்ட் பண்ற பாலிசி இருக்கற ஸ்கூல் பசங்க கிட்ட அடுத்த வருஷம் கஞ்சா பழக்கம் அதிகமாவும், கவுன்சிலர்கிட்ட அனுப்பற ஸ்கூல்ல குறைவாவும் இருந்துச்சு. பத்து நாள் வீட்டுக்கு அனுப்பினா அவன் யார் கூட சுத்துவான்னு நினைக்கறீங்க? தண்டனை வேணும்னா ஸ்கூலுக்குள்ளயே வச்சுக்கோங்க. விக்கறவன் கதை வேற, அது சட்டம் பாத்துக்கற விஷயம்.

கேள்வி: எங்க குடியிருப்போர் சங்கத்துல போதைத் தடுப்புக்குன்னு கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கோம். பேனர் வைக்கலாமா, கிரவுண்ட் போடலாமா?

பதில்: பேனர் வேணவே வேணாம். கிரவுண்ட் நல்லதுதான், ஆனா சாயங்காலம் அங்க ஒரு கோச், ஒரு பெரியவர் இல்லன்னா அதுவே பசங்க ஒதுங்கற இடமாயிடும், நானே பாத்திருக்கேன்.

ஐஸ்லாந்து கதை தெரிஞ்சுக்கோங்க. 1998ல அங்க 15, 16 வயசுப் பசங்கள்ல 42 சதவீதம் பேர் போன ஒரு மாசத்துல போதை ஏறக் குடிச்சதா சொன்னாங்க. 2016ல அது 5 சதவீதம். தினமும் சிகரெட் பிடிக்கறவங்க 23லேருந்து 3க்கு வந்துட்டாங்க. மந்திரம் ஒண்ணும் இல்ல. ஸ்கூல் ஸ்கூலா சர்வே எடுத்து, ரிசல்ட்டை அந்தந்த ஊர் பெத்தவங்ககிட்டயே சீக்கிரமா குடுத்தாங்க. 13லேருந்து 16 வயசு வரைக்கும் குளிர்காலத்துல ராத்திரி 10 மணிக்கு மேல, கோடையில 12 மணிக்கு மேல பெரியவங்க இல்லாம வெளிய சுத்தக் கூடாதுன்னு விதி, பெத்தவங்க எல்லாம் சேர்ந்து அதைக் கடைப்பிடிப்போம்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க, விளையாட்டு, சங்கீதம், டான்ஸுக்கெல்லாம் அரசாங்கம் பணம் குடுத்துச்சு. சின்ன நாடு, நாலு லட்சம் ஜனம் கூட இல்ல, அப்படியே காப்பியடிக்க முடியாதுதான். ஆனா பெத்தவங்க ஒப்பந்தத்துக்கு பத்து பைசா செலவில்ல. எல்லா வீட்டுலயும் ஒரே நேரம்னு இருந்தா 'அவங்க வீட்டுல மட்டும் விடறாங்களே'ங்கற சண்டையே கிடையாது. பணத்தை கோச் சம்பளத்துக்கு வச்சுக்கோங்க.

கேள்வி: போன மாசம் பார்ட்டில ஃப்ரெண்ட் ஒருத்தன் குடிச்சுட்டு ஏதோ மாத்திரையும் போட்டு சுருண்டுட்டான். மாட்டிப்போம்னு பயந்து தூங்க விட்டுட்டோம், காலைல எழுந்துட்டான். இனிமே இப்படி ஆனா என்ன பண்றது அண்ணா? (பிளஸ் டூ மாணவன்)

பதில்: தம்பி, எழுந்தது அதிர்ஷ்டம். குடியோட தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ சேர்ந்தா மூச்சு மெதுவாகி நின்னுடலாம், வாந்தி மூச்சுக் குழாய்க்குள்ள போயிடலாம். தட்டி எழுப்பியும் எழலன்னா, மூச்சு விட்டு விட்டு வந்தா, குறட்டை மாதிரி கொர கொரன்னு சத்தம் வந்தா, உதடு நீலமானா, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ஒருக்களிச்சு படுக்க வை, மல்லாக்க வைக்காதே. மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணி தலையில ஊத்தறது எதுவும் வேணாம், வாயில எதுவும் ஊத்தாதே. மூச்சே இல்லன்னா போன்ல இருக்கறவங்க சொல்ற மாதிரி நெஞ்சை அழுத்த ஆரம்பி. ஒருத்தன் பக்கத்துலயே இருக்கணும். என்ன சாப்டான்னு டாக்டர்கிட்ட மறைக்காதே, மாத்திரை அட்டை கிடைச்சா அதையும் பாக்கெட்ல போட்டு எடுத்துட்டுப் போ.