விழுந்து எழுந்த பிறகு என்ன செய்வது? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வந்த கேள்விகளை இரண்டு நாளாக உட்கார்ந்து படித்தேன். வேலை போனவர்கள், மணவாழ்க்கை முறிந்தவர்கள், பெரிய நோயிலிருந்து மீண்டவர்கள், ஆளைப் பறிகொடுத்தவர்கள் என்று எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் முக்கால்வாசிக் கேள்வி ஒன்றுதான்: புயல் ஓய்ந்துவிட்டது, நான் ஏன் இன்னும் நிலைகொள்ளவில்லை? பதினெட்டு வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன், நடுவில் நானே ஒரு தடவை தலைகுப்புற விழுந்திருக்கிறேன். இரண்டையும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். மாத்திரை பற்றிக் கேட்ட நான்கைந்து பேருக்கு மட்டும் பதில் இல்லை, அது உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: அக்கா, போன வருடம் வேலை போனது. எட்டு மாதம் அலைந்து இப்போது வேறு வேலை கிடைத்துவிட்டது, சம்பளமும் பரவாயில்லை. ஆனாலும் எதற்கு இதெல்லாம் என்றே தோன்றுகிறது. வாழ்க்கையின் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிக்க முடியாது தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாவி தொலைந்தால் தேடலாம், ஏனென்றால் அது ஓரிடத்தில் கிடக்கிறது. நோக்கம் அப்படி எங்கேயும் கிடக்கவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டு "நான் எதற்கு இருக்கிறேன்" என்று கேட்டால் மனசு பதில் தேடாது, குற்றப்பத்திரிகைதான் வாசிக்கும். ஒரே விஷயத்தை இப்படி அசைபோடுவது பார்ப்பதற்கு யோசனை மாதிரியே இருக்கும், ஆனால் எந்த முடிவுக்கும் கொண்டுபோய் விடாது. அது மனச்சோர்வை இழுத்துக்கொண்டே போகும் என்பதை சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் வருடக்கணக்கில் ஆராய்ந்து காட்டினார்.

விக்டர் ஃபிராங்கல் என்ற வியன்னா மனநல மருத்துவரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாஜி முகாம்களில் அடைபட்டு, அப்பா, அம்மா, மனைவி மூவரையும் இழந்து 1945-ல் வெளியே வந்தவர். அர்த்தத்துக்கு அவர் மூன்று வழி சொன்னார்: நாம் செய்கிற ஒரு வேலை, நாம் நேசிக்கிற ஒரு ஆள் அல்லது ஓர் அனுபவம், தவிர்க்கவே முடியாத துன்பத்தை நாம் எதிர்கொள்கிற விதம். மூன்றாவதைப் பலர் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தவிர்க்க முடிகிற கஷ்டத்தை வீம்புக்குத் தாங்குவதில் பெருமை ஒன்றும் இல்லை, அதையும் அவரே சொல்லியிருக்கிறார். இந்த மூன்றில் எதுவுமே கண்ணை மூடி உள்ளே துழாவுகிற வேலை இல்லை, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். இந்த வாரம் நான் போகாவிட்டால் யாருக்கு ஒரு கை குறையும்? யாருக்கும் இல்லை என்றால் ஒரே ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒரு முறை, நேரம் குறித்து. என்னிடம் வந்த ஒருவர் பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துப் பதிவு செய்து கொடுக்க ஒத்துக்கொண்டார். முதல் இரண்டு மாதம் ஒரே அலுப்பு. மூன்றாவது மாதம் ஒரு பையன் போன் செய்து "அடுத்த பாடம் எப்போது சார் வரும்?" என்று கேட்டிருக்கிறான். அந்த வாரம் என்னிடம் வந்தபோது முழுக்க உச்சரிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார், நோக்கம் என்ற பேச்சே வரவில்லை.

கேள்வி: காலையில் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை மேடம். மனசு சரியானால் எல்லாம் செய்வேன்.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். மனசு சரியாகட்டும், பிறகு செய்கிறேன் என்று இருந்தால் இரண்டும் நடக்காது. 1970-களிலேயே பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் இதை வைத்துத்தான் சிகிச்சையை அமைத்தார்: முதலில் செயல், மனநிலை பின்னால் வரும். இன்றைக்கும் மனச்சோர்வுக்கு நல்ல பலன் தருகிற முறைகளில் இது ஒன்று. உங்களுக்கு ஒரே ஒரு வேலை தருகிறேன், எழுகிற நேரத்தை நிலையாக வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. தூங்குகிற நேரம் முன்னே பின்னே போகட்டும், பரவாயில்லை. எழுந்ததும் ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இருபத்தொரு நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் செய்த ஆய்வில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18 நாளிலேயே, சிலருக்கு 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் தவறினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பதும் அதே ஆய்வில் தெரிந்ததுதான்.

கேள்வி: புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. "இது உன்னைப் பலமாக்கியிருக்கும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை, களைப்பாகத்தான் இருக்கிறது. என்னிடம்தான் ஏதோ கோளாறா?

உங்களிடம் கோளாறு இல்லை, சொல்கிறவர்களின் அவசரம்தான் கோளாறு. அவர்களுக்கு உங்கள் கதை சீக்கிரம் சுபமாக முடிய வேண்டும், முடிந்தால் அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். நெருக்கடிக்குப் பிறகு வளர்ச்சி என்பது உண்டு. 1990-களில் டெடெஸ்கி, கல்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்து, 1996-ல் 21 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலும் தயாரித்தார்கள். உறவுகள் நெருக்கமாவது, புதிய வழிகள் தெரிவது, நம் பலம் நமக்கே புலப்படுவது, ஆன்மிக மாற்றம், வாழ்க்கையின் அருமை தெரிவது என்று ஐந்து வகை. ஆனால் அவர்களே தெளிவாகச் சொன்னார்கள்: வளர்ப்பது அந்தச் சம்பவம் இல்லை, அதோடு மல்லுக்கட்டுவதுதான், வளர்ச்சி வந்தாலும் வலி கூடவே இருக்கலாம், வராவிட்டால் அது தோல்வியும் இல்லை. அப்புறம், சிகிச்சை முடிந்தும் களைப்பு பல மாதம் தொடர்வது புற்றுநோயில் சாதாரணம். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள், மனசு சம்பந்தப்பட்டது என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம்.

கேள்வி: என் மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. நேற்று டிவியில் ஏதோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் அம்மா. உடனே யாரோ அறைந்தது போல் இருந்தது. நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன்?

ஐயா, கட்டம் என்று ஒன்றும் இல்லை. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படி சொல்வார்களே, 1969-ல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் அதைச் சொன்னது மரணப்படுக்கையில் இருந்த நோயாளிகளிடம் பேசிய அனுபவத்தை வைத்து. பின்னால் அதைத் துக்கத்தில் இருப்பவர்கள் எல்லாருக்கும் மாட்டிவிட்டார்கள், படி தவறிவிட்டதே என்று கவலைப்பட ஆரம்பித்ததுதான் மிச்சம்.

1999-ல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் சொன்னது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. துக்கத்தில் இருக்கிற மனசு இரண்டு பக்கமும் போய்ப் போய் வரும், கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம், கொஞ்ச நேரம் பில் கட்டுவது, சட்டை தேய்ப்பது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது என்று வாழ்கிற பக்கம். ஒரே பக்கத்தில் மாட்டிக்கொண்டால்தான் சிக்கல். நேற்று நீங்கள் சிரித்தது வாழ்கிற பக்கம் போய் வந்தது. அறைந்தது போல் இருந்ததே, அது இழப்பின் பக்கம் திரும்பியது. இரண்டும் ஒரே சாயந்திரத்தில் நடந்திருக்கிறது, நடக்கலாம். அந்த நிகழ்ச்சி உங்கள் மனைவிக்கும் பிடிக்குமா? பிடிக்கும் என்றால் அடுத்த வாரமும் பாருங்கள்.

கேள்வி: விவாகரத்து ஆகி இரண்டு மாதம். வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாம் என்று இருக்கிறேன். சரியா?

பாதுகாப்புக்காகப் போகிறீர்கள் என்றால் இன்றைக்கே போங்கள். மற்றபடி, தள்ளிப்போட முடிந்ததைத் தள்ளிப்போடுங்கள் தங்கச்சி. 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் வாழ்க்கைச் சம்பவங்கள் நம்மை எவ்வளவு உலுக்கும் என்று மதிப்பெண் போட்டார்கள், துணையின் மரணத்துக்கு 100, விவாகரத்துக்கு 73. வேடிக்கை என்னவென்றால் கல்யாணத்துக்கும் 50, விடுமுறைக்குப் போவதற்குக்கூட 13. நல்லதோ கெட்டதோ, மாற்றம் என்றாலே உடம்பு விலை கொடுக்கிறது. நீங்கள் ஏற்கெனவே 73 கொடுத்துவிட்டு நிற்கிறீர்கள்.

கேள்வி: கணவருக்கு மாரடைப்பு வந்து, தேறி, ஆபீசுக்கும் போகிறார். நான்தான் தேறவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வருகிறது.

காரணம் இருக்கிறது. இத்தனை நாள் காவலுக்கு நின்றவருக்குக் காவல் முடிந்துவிட்டது என்று யாரும் வந்து சொல்லவில்லை, அதுதான். ஆபத்து நேரத்தில் உடம்பு தாங்கிக்கொள்ளும், எல்லாம் அடங்கிய பிறகு கணக்குத் தீர்க்கும். ஒன்று கேட்கிறேன், அவருடைய மாத்திரை டப்பாவை இப்போது யார் நிரப்புகிறார்கள்? நீங்கள்தானே? வரும் ஞாயிற்றுக்கிழமை அதை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காரலாம், கை மட்டும் வைக்கக் கூடாது. அவர் புதன்கிழமைக்கானதை வியாழக்கிழமை அறையில் போடுவார், நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, அவரே பார்த்து மாற்றுகிற வரை காத்திருக்க வேண்டும். மூடுவதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள், போதும். இப்படி ஒவ்வொரு வேலையாக அவரிடம் திரும்பிப் போகும்போது உங்களுக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று மிஞ்சும். அதில் என்ன செய்வது என்று இப்போதே திட்டம் போடாதீர்கள், முதலில் தூங்குங்கள்.

கேள்வி: டைரி எழுதினால் நல்லதா?

நல்லது, அளவோடு. 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களை ஒரு நாளைக்கு 15 நிமிஷம் வீதம் நான்கு நாள் மட்டும், மனசை அறுக்கிற ஒன்றை எழுதச் சொன்னார். எழுதிய கையோடு மனசு இன்னும் கனத்தது, ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. அடி விழுந்த அதே வாரம் இதைச் செய்ய வேண்டாம். எழுதும்போது அதே வாக்கியம் நாலாவது நாளும் வந்தால் நோட்டை மூடிவிட்டு யாரிடமாவது பேசுங்கள்.

கேள்வி: எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சோர்வோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக நாள் முழுக்க இருந்தால். விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பிறகு கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதம் தாண்டினால். குடி கூடினால். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், உங்கள் நாட்டின் உதவி எண்ணுக்கோ அவசர சிகிச்சைக்கோ போன் செய்யுங்கள். சொன்னால் அசிங்கம் என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், சொன்ன பிறகு ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை.

கேள்வி: நீங்கள் விழுந்தீர்கள் என்றீர்களே அக்கா, என்ன ஆயிற்று? எப்படி எழுந்தீர்கள்?

நண்பர் ஒருவருடன் சேர்ந்து சொந்தமாக ஒரு ஆலோசனை மையம் தொடங்கினேன், மூன்றே வருடத்தில் கடனோடு மூடினோம், நட்பும் போயிற்று. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் தபாலைப் பிரிக்கப் பயந்தேன். வருகிற கடித உறையை எல்லாம் மேசை டிராயரில் போட்டு மூடுவேன், கடைசியில் டிராயர் மூடவே மூடாது, முழங்காலால் தள்ள வேண்டும். ஏழு மாதம் அப்படி.

ஒரு சனிக்கிழமை என் தங்கை வந்தாள். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. டிராயரை அப்படியே உருவித் தரையில் வைத்து, மூன்று உறையை எடுத்து, "இன்றைக்கு மூன்று, நீ பிரிக்க வேண்டாம், நான் பிரிக்கிறேன், நீ பக்கத்தில் உட்கார்" என்றாள். முதல் உறையில் ஒரு கண்ணாடிக் கடையின் தள்ளுபடி விளம்பரம். ஏழு மாதம் அதற்குப் பயந்திருக்கிறேன். மற்ற இரண்டும் நிஜமான கடன் நோட்டீஸ்தான். அடுத்த சனிக்கிழமையும் மூன்று. ஐந்தாவது வாரம் ஒன்றை நானே பிரித்தேன். கடனை அடைக்க நான்கு வருடம் ஆனது, வாழ்க்கையைப் பற்றிப் பெரிய தெளிவு எதுவும் அந்த நாட்களில் வரவில்லை. சனிக்கிழமை வரும் என்பது மட்டும் தெரிந்தது, அதைச் சுற்றி மற்ற கிழமைகள் மெல்ல ஒழுங்குக்கு வந்தன.

கேள்வி: இப்போது அந்த டிராயரில் என்ன இருக்கிறது?

உறைகள்தான், எல்லாம் பிரித்தவை. இன்று காலையில் வந்த ஒன்று மட்டும் பிரிக்காமல் மேலே கிடக்கிறது. இதோ, பிரிக்கப் போகிறேன்.