நாட்டுச்செடி தோட்டத்துக்கு வர்ற தொல்லைங்க: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, உண்ணிச்செடிய வெட்ட வெட்ட முன்னைவிட பெரிய புதரா வருது, என்னதான் பண்றது?

பதில்: தரையோட வெட்டுறதுதான் பிரச்சனையே. தண்டும் வேரும் சேர்ற இடத்துலதான் அதுக்கு துளிர்க்கிற மொட்டெல்லாம் இருக்கு, மேல வெட்டினா அத்தனையும் கிளம்பி வரும். மண்ண ஒதுக்கிட்டு தரைமட்டத்துக்கு மூணு நாலு சென்டிமீட்டர் கீழ ஆணிவேர வெட்டுங்க, அப்புறம் புதர அப்படியே தலைகீழா கவுத்துப் போட்ருங்க, தண்டு மண்ணுல பட்டா திரும்ப வேர் விட்ரும். முழு வேரையும் தோண்டி எடுக்க வேணாம், கிளறுன மண்ணு அடுத்த களைக்குத்தான் வசதி. பழம் பழுக்குறதுக்குள்ள முடிச்சிருங்க, ஏன்னா பழத்த தின்ன பறவை எந்த மரத்துல உக்காருதோ அதுக்கடியில எல்லாம் கன்னு முளைக்கும், ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் அங்க போய் பாத்துப் பிடுங்கணும். அதவிட முக்கியம், வெட்டின இடத்த காலியா விடாதீங்க, அதே சீசன்ல நாட்டுப்புல்லோ வேகமா வளர்ற நாட்டுச்செடியோ நட்டுருங்க. நிறைய பேர் வெட்டுறதோட நிறுத்திடறாங்க, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

கேள்வி: மேடம் பார்த்தீனியம் பூத்திருச்சு, இப்ப பிடுங்கலாமா?

பதில்: பிடுங்குங்க, ஆனா உலுக்காதீங்க. ஒரே செடி 15,000 விதைக்கு மேல போடும். மண்ணு ஈரமா இருக்கப்ப கிளவுஸ், மாஸ்க் போட்டுட்டு மேல ஒரு கவர கவுத்து வேரோட எடுங்க, வெறுங்கையில தொட்டா சிலருக்கு தோல் அலர்ஜி ரொம்ப மோசமா வரும். வீட்டு கம்போஸ்ட்ல போடாதீங்க, விதைய சாகடிக்கிற சூடு அதுல பெரும்பாலும் வராது. இலையில கோடு போட்ட சின்ன வண்டு இருந்தா விட்ருங்க, அது மெக்சிகோ வண்டு, இதத் தின்னத்தான் 1984ல இந்தியாவுல கொண்டாந்து விட்டாங்க.

கேள்வி: கோரைக்கு கறுப்பு பிளாஸ்டிக் போட்டு மூடினா போயிருமா?

பதில்: வெயில்ல மண்ண சூடாக்கணும்னா கறுப்ப விட கண்ணாடி மாதிரி தெரியிற ஷீட்தான் நல்லது, மண்ண நனைச்சிட்டு நல்ல வெயில் காலத்துல 4லேர்ந்து 6 வாரம் மூடி வைங்க. சின்ன விதைக்களை போயிரும், ஆனா ஆழத்துல இருக்குற கோரைக்கிழங்கு தப்பிச்சிரும். கோரைக்கு நிழல் ஆகாது, அதனால துளிர் வர்றப்பல்லாம் எடுத்துட்டு சுத்தி அடர்த்தியா செடி வைங்க, மெதுவாத்தான் குறையும்.

கேள்வி: எருக்கு இலையெல்லாம் கோடு கோடா ஒரு புழு தின்னுது, வேப்பெண்ணெய் அடிக்கவா?

பதில்: அய்யோ வேணாம்ப்பா! கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையும் முதுகுல மூணு ஜோடி கறுப்புக் கொம்பும் இருந்தா அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழு. எருக்கு திரும்ப துளிர்த்துக்கும். நாட்டுச்செடி வைக்கிறதே இதுங்க வரணும்னுதானே.

கேள்வி: மாவுப்பூச்சிக்கு?

பதில்: முதல்ல எறும்ப தடுங்க, மாவுப்பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்புதான் அதுக்கு காவல் நிக்குது. பூச்சி இருக்குற கிளைய மட்டும் நறுக்கிட்டு மிச்சத்துல சோப்புத்தண்ணி அடிங்க.

கேள்வி: பெரிய ஆப்பிரிக்க நத்தைக்கு உப்பு தூவலாமா அக்கா?

பதில்: மண்ணுல தூவாதீங்க, செடி போயிரும். சாயங்காலம் ஈரச்சாக்கு விரிச்சு வைங்க, விடியக்காலைல அடியில ஒதுங்கியிருக்கும், கிளவுஸோட பொறுக்கி உப்புத்தண்ணி வாளியில போடுங்க. வெறுங்கை வேணவே வேணாம், மூளையத் தாக்குற ஒட்டுண்ணிப் புழு அதுல இருக்கலாம்.