ஓசி இல்லை, வரி கட்டியாயிற்று

கேள்வி: சென்னையில் பூங்காவில் நடப்பவர்களும் திடலில் பந்து ஆடுபவர்களும் ஓசியிலேயே அனுபவிக்கிறார்கள். பராமரிக்கப் பணம் வேண்டாமா? வாசலில் கட்டணம் வசூலித்தால் என்ன?
– ஒரு வாசகர், மடிப்பாக்கம்

பதில்: கட்டணத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ‘ஓசி’. கம்பெனி ஆட்சியில் தபால் செலவில்லாமல் போன சர்க்கார் கடிதங்களில் இருந்த ‘ஓ.சி.’ என்ற ஆங்கில எழுத்துகளிலிருந்து வந்த சொல் என்பார்கள். காசு கொடுக்காமல் அனுபவித்தால்தான் ஓசி. சென்னையில் அப்படி யார் இருக்கிறார்கள்? 2022-இல் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை ஏறியது. வாடகைக்கு இருப்பவரும் வாடகையோடு சேர்த்து அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். காலையில் நடக்க வருகிறவரை ஓசி என்று சொல்லாதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது.

2024 அக்டோபரில் மாநகராட்சி மன்றம் நீங்கள் கேட்டதையே செய்து பார்த்தது. செயற்கைப் புல் போட்ட 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது, ஆடுபவர் தலைக்கு மணிக்கு 120 ரூபாய் என்று தீர்மானம். தினம் ஒரு மணி நேரம் ஆடும் வியாசர்பாடிப் பையனுக்கு மாதம் 3,600 ரூபாய். அந்த வீட்டில் அரிசிக்கு ஆகும் செலவு எவ்வளவு என்று யாராவது யோசித்தார்களா? எதிர்ப்பு கிளம்பியதும் உடனே கைவிட்டார்கள். சரியான முடிவு.

பராமரிக்கப் பணம் வேண்டும், அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. என் சண்டை கல்வெட்டோடு. இதே பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். எங்கள் தெருமுனைப் பூங்காவில் ஊஞ்சல் சங்கிலியின் கொக்கி அறுந்து நாலு மாதம் ஆகிறது. பேத்தியை அழைத்துவரும் ஒரு தாத்தா நைலான் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். முடிச்சுக்குக் கீழே கயிறு பிரிந்து பஞ்சாக நிற்கிறது. பத்தடி தள்ளி, திறப்பு விழாக் கல்வெட்டு ஒரு கீறல் இல்லாமல் மின்னுகிறது. செயற்கைப் புல்லை எட்டு, பத்து வருடத்தில் மாற்றியே ஆக வேண்டும். அது புல் போடும் அன்றைக்கே தெரிந்த செலவு. டெண்டர் விடும்போதே பத்து வருடப் பராமரிப்பையும் மதிப்பீட்டில் எழுதி, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பூட்டுங்கள். வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது.

இன்னொன்று. சென்ட்ரல் பக்கத்தில் கவர்னர் ட்ரெவெல்யன் காலத்தில் தொடங்கிய பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர். விக்டோரியா ஹால், நேரு ஸ்டேடியம் எல்லாம் அந்த நிலத்தில் எழுந்தவை. பூங்காவாக மிஞ்சியது மை லேடீஸ் பார்க்தான். 1913 முதல் மாநகராட்சி இயங்கும் ரிப்பன் மாளிகையும் அதே நிலத்தில்தான் நிற்கிறது. மக்களின் பூங்காவில் உட்கார்ந்துகொண்டு மக்களிடம் நுழைவுக் கட்டணமா?

உங்கள் பேட்டைப் பூங்காவுக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். பதில் வந்ததும் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.