அப்பாவுக்குப் பிறகு சாமியாட என்னைக் கேட்கிறார்கள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஒப்புக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியை நேற்று இரவே பார்த்துவிட்டேன். பதில் எழுத வேண்டாம் என்று முடிவு செய்துதான் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

நீங்கள் வெளியூரில் வேலை பார்ப்பவர் என்று நினைக்கிறேன். அப்பா காரியம் முடிந்த ஈரம்கூடக் காய்ந்திருக்காது. அதற்குள் சித்தப்பாவும் பெரியப்பா மக்களும் திண்ணையில் உட்கார்ந்து, வருகிற கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, யார் ஆடுவது என்று பேசியிருப்பார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் உங்கள் மேல் வந்து நின்றிருக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மூடநம்பிக்கை பரப்ப வந்தவன் அல்ல. குறி சொல்லிக் காசு வாங்குகிறவனும் அல்ல. இருபத்திரண்டு வருடமாக பஸ் கண்டக்டர். திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் இடையே போய்வந்தே முடி நரைத்தவன். பகுத்தறிவு பேசுகிறவர்கள் திட்டுவார்கள் என்று தெரியும், பக்திமான்கள் அதைவிட அதிகமாகத் திட்டுவார்கள் என்றும் தெரியும்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில். குலதெய்வம் சுடலைமாடன். வில்லுப்பாட்டில் கதை கேட்டிருப்பீர்கள். பார்வதி பிள்ளை வரம் கேட்டாள்; கைலாயத்து விளக்கின் சுடர் அவள் மடியில் விழுந்து பிறந்தவன் சுடலை. குடித்த பால் போதாமல் நள்ளிரவில் எழுந்துபோய்ச் சுடுகாட்டில் பிணம் தின்றான். அந்தப் பிள்ளையைக் கைலாயத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை; வரம் கொடுத்துப் பூலோகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வரத்தைத்தான் எல்லாரும் பாடுகிறார்கள். பெற்ற வீட்டிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவன் என்பதை யாரும் நின்று யோசிப்பதில்லை. கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடுகிறவனுக்கு, அந்தப் பகுதிதான் முதலில் வாய்க்கும். கொடைக்குக் கால்நாட்டிய நாளிலிருந்து எட்டு நாளும் கோயிலில்தான் படுக்கை. செத்த வீட்டுக்குப் போகக் கூடாது. ஒரு வருடம் அந்த எட்டு நாளுக்குள் என் தாய்மாமன் இறந்துவிட்டார். நான் போகவில்லை. அத்தை இன்றுவரை எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இனி என் முதல் கொடை. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பெயர் போடாத இடம் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாமக்கொடை, நள்ளிரவுப் பூசை. சாமியாடுகிறவர் இடுப்பில் கட்டும் குட்டைக் கால்சட்டைக்குச் சல்லடம் என்று பெயர். அப்பா கட்டிய சல்லடத்தையே எனக்கும் கட்டினார்கள். அப்பா இரட்டை நாடி, நான் ஒல்லி. இடுப்பில் நிற்காமல் நழுவியது. நாலைந்து ஊக்கு குத்திச் சரிசெய்தார்கள். கையில் வல்லயம் என்ற ஈட்டி, அதன் தலைப்பில் மணிகள். ஒரு பக்கம் நையாண்டி மேளம், மறுபக்கம் கணியான் கூத்துக்காரர்களின் மகுடம் என்ற பறை. வில்லுக்காரர் பாட்டை வேகப்படுத்தினார். ஊர் முழுக்க என் முகத்தையே பார்த்தது.

ஒன்றும் வரவில்லை. கெண்டைக்காலில் கொசு கடித்தது தெரிந்தது. மேளக்காரருக்குப் பாக்கிப் பணம் யார் கொடுக்கிறார்கள் என்ற யோசனை ஓடியது. பந்தத்து எண்ணெய்ப் புகை கண்ணைக் கரித்தது. சித்தப்பா பின்னால் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு காதருகே, "ஆடு" என்றார்.

ஆடினேன். நடித்தேன் என்பதுதான் சரியான சொல். அப்பா எப்படிக் குதிப்பார், எந்தத் தாளத்தில் தலையை உலுக்குவார் என்பதெல்லாம் சிறுவயதிலிருந்து பார்த்ததுதானே. பெண்கள் குலவையிட்டார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திருநீறு வாங்க வந்த வரிசையில் ஒரு தாய், மகன் வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடமாகிறது, இருக்கிறானா இல்லையா என்று மட்டும் சொல் சாமி என்று என் காலைக் கட்டிக்கொண்டாள். "அடுத்த கொடைக்குள் உன் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அப்பாவாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அந்த அம்மாள் அம்பாசமுத்திரம் மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டுபோகிறவள். திங்கட்கிழமை காலை என் பஸ்ஸில் ஏறினாள். டிக்கெட் எடுத்து, இரண்டு ரூபாய் பாக்கியை விடாமல் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை இரவு காலில் விழுந்தவள்! அதில் தப்பில்லை, அவள் காசு. டிக்கெட் வாங்கும்போது நான் "தம்பி". கூடையோடு இறங்கும்போது மட்டும் குரல் மாறும்: "ஆடி பிறந்துவிட்டது, சாமி." பிறகு, "ஐப்பசி வந்துவிட்டது, சாமி." அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். கார்த்திகைக்கு நான் அந்த பஸ் நடையை மாற்றித் தரச் சொல்லி மேலதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை.

வேறு வழியில்லாமல் தேடப் புறப்பட்டேன். கண்டக்டர், டிரைவர்களுக்குத் தெரியாத ஊர் இல்லை. ஒருவர் சொல்லி ஒருவர் விசாரித்து, பையன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் இருக்கிறான் என்று தெரிந்தது. வார ஓய்வு நாளில் இரவு பஸ் பிடித்துப் போனேன். முதல் தடவை ஆளைப் பார்க்க முடியவில்லை. இரண்டாம் தடவை, "நீ யார் கேட்பதற்கு?" என்று விரட்டினான். மூன்றாம் தடவை உண்மையைச் சொல்லிவிட்டேன். சுடலை பெயரில் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், நீ வந்தால்தான் அது பொய்யில்லாமல் போகும் என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

பங்குனியில் வந்தான். நான்கு நாள் இருந்தான். அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு மறுபடி போய்விட்டான். இப்போது வாரம் ஒருமுறை போன் செய்கிறான். அந்தத் தாய் கோயிலில் ஒரு மணி வாங்கிக் கட்டியிருக்கிறாள். நான் திருப்பூர் போன கதை அவளுக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டேன்.

இதில் தெய்வசக்தி எங்கே என்று கேட்பீர்கள். முத்துப்பட்டன் கதையைப் பாருங்கள். பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டிக்கொள்ள மாமனாரின் தொழிலையே கற்றுச் செருப்புத் தைத்தவன். மாடு காக்கப் போய் மாட்டுத் திருடர்களோடு சண்டையிட்டுச் செத்தான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்கு இன்றும் தோல் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். மாடு காத்தது முதலில், சக்தி பிறகு.

ஆனால் எல்லாமே நடிப்பு என்று எழுதிவைக்கவும் என் மனம் ஒப்பவில்லை. இரண்டாம் வருடக் கொடையில் சுடுகாட்டு வேட்டைக்கு, அதாவது நள்ளிரவில் சாமியாடி சுடுகாட்டுக்குப் போய்வருவதற்கு, பந்தத்தைக் கையில் வாங்கியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவில் இருப்பது விடியற்காலம்: கணியான், சாமிக்கு ரத்தம் கொடுக்கத் தன் கையை வெட்டிக்கொண்ட இடத்தில் துணி சுற்றிக்கொண்டிருந்தார், என் உள்ளங்கால் முழுக்க உடைமுள். நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. வழியில் வாய்க்காலை ஒரே தாவாகத் தாண்டினேன் என்று மேளக்காரர் சொன்னார். பிறகு டேப் வைத்து அளந்து பார்த்தேன், ஒன்பது அடி. ஒருநாள் பகலில், யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தாண்டியும் பார்த்தேன். நடு வாய்க்காலில் விழுந்தேன். இதற்கு உளவியல் விளக்கம் வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வழக்கு இல்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. எழுதாமல் விட மனமில்லை. கொடைக்குத் தீர்த்தம் எடுக்க ஒவ்வொரு வருடமும் பாபநாசம் படித்துறைக்குப் போகிறோம். காலை வைத்தால் சேலை, காலை எடுத்தால் வேட்டி. பரிகாரம் செய்கிறேன் என்று உடுத்திய துணியைத் தாமிரபரணியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒருமுறை குடத்தை முக்கி எடுத்தால் வாயில் ஒரு குழந்தைச் சட்டை அடைத்துக்கொண்டு வந்தது. பொதிகையில் பிறந்து ஊருக்கெல்லாம் குடிநீராக ஓடிவருகிற ஆறு இது. உங்கள் பாவத்தை எங்கள் குடத்தில் ஏன் போடுகிறீர்கள்? கார் வைத்திருக்கிறீர்கள், வந்த மாதிரியே ஈரத்துணியைப் பையில் போட்டு எடுத்துப் போனால் என்ன குறைந்துவிடும்?

சரி, உங்கள் விஷயம். நம்பிக்கை முழுதாக இருக்கிறதா, அரையாக இருக்கிறதா என்று ஊரில் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வருடம் திருநீறு மட்டும் பூசுங்கள், வாக்கு சொல்ல வேண்டாம். சாமி இந்த வருடம் வாய் திறக்கவில்லை என்று பெரியவர்கள் ஏதாவது காரணம் கண்டுபிடித்துக்கொள்வார்கள்; அதில் நம் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். மீறி வாயைத் திறந்தால், சொன்னதைச் செய்து முடிக்க வருடத்தில் எத்தனை நாள் லீவு இருக்கிறது என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அப்பாவின் சல்லடம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அம்மாவிடம் இன்றே கேளுங்கள். எடுத்து இடுப்பில் வைத்துப் பாருங்கள். பெரிதாக இருந்தால் நல்ல தையற்காரராகப் பார்த்துக் கொடுத்துப் பிடித்து வாங்குங்கள். முதல் கொடையன்று எனக்கு இரண்டு ஊக்கு கழன்று விலாவில் ஏறிவிட்டது. நான் அலறிய அலறலைத்தான் சுடலையின் ஆங்காரம் என்று ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.