காது மெசினுக்கு யாரிடம் கேட்பது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. இரண்டு காதுக்கும் மெசின் போட வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கணவர் மேசன் வேலை செய்கிறார். அவ்வளவு காசு எங்களிடம் இல்லை. யாரிடம், எப்படிக் கேட்பது?
– ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் உதவிக்கும் அவர் வழி சொல்வார். கிராம அலுவலரின் வருமானச் சான்று, வைத்தியரின் கடிதம், ஒடியோகிராம் (காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்த வரைபடம்), மெசின் விற்கும் இடத்தின் விலைமதிப்பு எல்லாம் கையில் இருக்கட்டும். போட்டோக் கொப்பியைக் கொடுங்கள், மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சமூக சேவையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான், தொலைந்த கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த விலைமதிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மெசினின் விலையை மட்டும் எழுதிக் கேட்பார்கள், கிடைத்தும் விடும். அப்புறம் பற்றரிக்குக் காசில்லாமல் மெசின் அலுமாரிக்குள் போய்விடும். காதுக்குப் பின்னால் மாட்டும் மெசினின் சின்னப் பற்றரி ஒன்றிரண்டு கிழமைதான் நிற்கும். இரண்டு காதுக்கும் வருசத்துக்கு 50க்குக் குறையாது. காதுக்குள் வைக்கும் அச்சும் பிள்ளை வளர வளரத் தளரும். தளர்ந்தால் மெசின் கீ என்று கத்தும், பிள்ளை கழற்றி எறிந்துவிடும். ஆகவே மெசின், மாற்று அச்சு, ஒரு வருசப் பற்றரி, ஈரம் உறிஞ்சும் டப்பா எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலைமதிப்பாக எழுதி வாங்குங்கள். பற்றரி மொத்தமாகக் கிடைத்தால் அதில் ஒட்டியிருக்கும் தாளை முன்கூட்டியே உரிக்க வேண்டாம். உரித்தால் காற்றுப் பட்டு, போடாமலே செத்துப்போகும்.

அரசு உதவி வர நாளாகலாம். அதற்குள் லயன்ஸ், றோட்டறிக் கழகங்கள், பாடசாலையின் பழைய மாணவர் சங்கம், கனடா, லண்டனில் இருக்கும் சொந்தங்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் எல்லாரிடமும் முழுத் தொகையையும் கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒரு கிழமைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்! ஒருவரிடம் ஒரு காது, இன்னொருவரிடம் மற்றக் காது, வெளிநாட்டுச் சித்தப்பாவிடம் பற்றரி என்று பிரியுங்கள். யாரிடம் என்ன கேட்டிருக்கிறீர்கள் என்பதையும் கடிதத்திலேயே எழுதுங்கள். காசை நேரே கடைக்குக் கட்டச் சொன்னால் தருகிறவருக்கும் சந்தேகம் வராது. பிள்ளை அழுகிற படத்தை மட்டும் இணைக்க வேண்டாம், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நாளைக்கு வளர்ந்து, அந்தப் படத்தை அவளே முகநூலில் பார்ப்பாள்.

கேள்வி: நான் பார்வையற்ற மாணவன். கணினித் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் வாங்க யாரிடம் உதவி கேட்கலாம்?
– ஒரு வாசகர், சுன்னாகம்

பதில்: தம்பி, மென்பொருளுக்குக் காசு கேட்க வேண்டாம். என்விடிஏ (NVDA) என்ற திரை வாசிக்கும் மென்பொருள் இலவசம். பார்வையற்ற அவுஸ்திரேலியர் ஒருவர் 2006இல் தொடங்கியது அது. விண்டோஸில் ஓடும், தமிழும் வாசிக்கும். குரல் முதலில் தகரத்தில் தட்டுவதுபோல இருக்கும், பழகிவிடும். கேட்கிற காசை மடிக்கணினிக்கும் ஹெட்போனுக்கும் கேளும். பாவித்த கணினி தந்தாலும் வாங்கும், ஆனால் பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்து வாங்கும். எங்கள் ஊர்க் கரண்டை நம்பிச் சோதனைக்குப் படிக்க முடியாது.