சாவியை விட்டதும் எஞ்சின் நிற்கிறது: இக்னிஷன் சுவிட்ச்தான் காரணமா?

கேள்வி: என்னுடைய பழைய பிக்கப் டிரக்கில் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கிறது. கையை எடுத்து, சாவி ஆன் நிலைக்குத் திரும்பியதும் நின்றுவிடுகிறது. சாவியை ஆட்டினால் டேஷ்போர்டு விளக்குகளும் சில சமயம் அணைந்து எரிகின்றன. இக்னிஷன் சுவிட்சை நானே மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். பெரிய வேலை இல்லை. ஆனால் அதற்கு முன் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரோடு ஒரு பத்து நிமிடம் செலவழியுங்கள்.

நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளில் விளக்கு அணைவது சுவிட்சைக் காட்டிக்கொடுக்கிறது. எஞ்சின் நிற்பது மட்டும் என்றால் நான் முதலில் பேலஸ்ட் ரெசிஸ்டரைத்தான் சந்தேகப்படுவேன். பிளாட்டினம் பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் தொடுமுனை) உள்ள பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்டார்ட் நிலையில் பேட்டரி மின்சாரம் காயிலுக்கு, அதாவது ஸ்பார்க் பிளக்குக்கான உயர் வோல்டேஜைத் தரும் சுருளுக்கு, நேராகப் போகும். ஆன் நிலைக்கு வந்ததும் இந்த ரெசிஸ்டர் வழியாகக் குறைந்து போகும். ரெசிஸ்டர் அறுந்துபோயிருந்தால் நீங்கள் சொல்வது போலவே சாவியை விட்டதும் எஞ்சின் நிற்கும். புது சுவிட்ச் போட்டாலும் அதே கதைதான்.

சாவியை ஆனில் வைத்து ரெசிஸ்டரின் இரண்டு முனைகளையும் அளந்து பாருங்கள். சுவிட்ச் பக்கம் 12 வோல்ட் இருந்து, காயில் பக்கம் ஒன்றுமே இல்லையென்றால் ரெசிஸ்டர் போய்விட்டது. சுவிட்ச் பக்கமே வோல்டேஜ் வரவில்லை, அல்லது சாவியை ஆட்டும்போது வந்து வந்து போகிறது என்றால் சுவிட்சையோ அதன் கப்ளரையோ (ஒயர்களைச் சுவிட்சோடு இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) பார்க்க வேண்டும். சில வண்டிகளில் வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் இருக்காது. அதற்குப் பதில் ஒயரிங்குக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் ஒயர் ஓடும்.

சரி, சுவிட்ச்தான் என்று முடிவாகிவிட்டது. சாவி நுழையும் லாக் சிலிண்டர் வேறு, அதன் பின்னால் மின்சாரத்தைப் பிரித்துவிடும் சுவிட்ச் வேறு. சாவி சிக்காமல் திரும்புகிறது என்றால் பழைய சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாம், சாவியும் மாறாது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றாமல் எதிலும் கை வைக்காதீர்கள். சுவிட்சுக்கு வரும் பேட்டரி ஒயரில் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும்.

சுவிட்ச் டேஷ்போர்டிலேயே இருக்கும் வண்டி என்றால் வேலை சுலபம். சிலிண்டர் முகப்பில் ஒரு சின்னத் துளை இருக்கும். பெரும்பாலும் சாவியை அக்சஸரி நிலையில் (எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் நிலை) வைத்து, அதில் கெட்டியான கம்பியை அழுத்திக்கொண்டு திருப்பினால் சிலிண்டர் கையோடு வரும். அப்புறம் முன்பக்க வளைய நட்டைக் கழற்றினால் சுவிட்ச் பின்பக்கமாக இறங்கிவிடும்.

ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் குழாயின் (ஸ்டீயரிங் காலம்) மேல் சுவிட்ச் இருந்தால்தான் கவனம் தேவை. அங்கே சாவி ஒரு நீளக் கம்பியைத் தள்ளி இழுத்து சுவிட்சை இயக்கும். சாவியும் சுவிட்சும் ஒரே நிலையில் இருக்கும்போது பொருத்த வேண்டும்; சில புது சுவிட்சுகளில் இதற்காகவே ஒரு பின் செருகி வரும், இறுக்கிய பிறகு அதை உருவ மறக்காதீர்கள். கொஞ்சம் தள்ளிப் பொருத்தினாலும் ஸ்டார்ட் எடுக்காது, அல்லது சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காது. அந்தக் குழாயைக் கீழே இறக்க வேண்டியிருந்தால் முட்டுக் கொடுங்கள், தொங்க விடாதீர்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றியதும் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருந்துதான் தொடவே வேண்டும்.

கப்ளரைக் கழற்றியதும் ஒவ்வொரு முனையாகப் பாருங்கள். பிளாஸ்டிக் உருகியோ, முனை கறுத்தோ இருந்தால் கப்ளரையும் சேர்த்து மாற்றுங்கள். இதில் மிச்சம் பிடிப்பது வீண். கருகிய முனை சூடாகி புது சுவிட்சையும் கெடுத்துவிடும். சூடான சுவிட்ச் விளையாட்டுப் பொருள் இல்லை: 1996இல் ஃபோர்டு நிறுவனம் சுவிட்சுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்துக்காக 80 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எஃப் வரிசை பிக்கப்புகளும் அதில் உண்டு. கூடுதல் ஃபேன், விளக்கு எதையாவது யாரோ சுவிட்ச் ஒயரில் கோத்திருந்தால் அதைப் பிரித்து ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வழியாகக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் எல்லா நிலைகளையும் சோதியுங்கள். அணைத்தால் எஞ்சின் நிற்க வேண்டும், சாவியை விட்டதும் ஸ்டார்ட்டர் மோட்டார் விலக வேண்டும், ஸ்டீயரிங் லாக் இருந்தால் அது சரியாக விழுந்து சரியாக விடுபட வேண்டும். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் வண்டியை ரோட்டுக்கு எடுக்காமல் கம்பியின் பொருத்தத்தை மறுபடி பாருங்கள்.