டால்டனின் சிவப்பு அங்கி

அன்புள்ள ஐயா,

என் மகள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். சென்ற வாரம் திடீரென்று, "அப்பா, நீங்க ஏன் கடவுளை நம்புறீங்க?" என்று கேட்டாள். பதிலாக ஒரு காணொளியை அனுப்பினேன். மனிதக் கண் மின்காந்த அலைகளில் 0.0035 சதவீதத்தை மட்டுமே பார்க்கிறது, மான்டிஸ் இறாலுக்கு 12 வகை நிற உணரிகள், நமக்கு மூன்றே மூன்று என்று அதில் ஒருவர் பேசுகிறார். வானவில்லின் ஏழு நிறமே தெய்வக் கணக்கு என்றும் சொல்கிறார். இவ்வளவு குறைவாகப் பார்க்கும் நாம் கடவுள் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஞானிகளின் கண் நம் கண்ணைவிட அகலமாகத் திறந்திருக்கலாம் அல்லவா? மகள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

கொஞ்ச நாளாக நிறங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இல்லாவிட்டால் இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

சில்லறையை முதலில் தீர்த்துவிடலாம். 0.0035 என்பது அர்த்தமில்லாத எண். மின்காந்த அலைகளுக்கு இரண்டு பக்கமும் இதுதான் எல்லை என்று எதுவும் கிடையாது. முழுசு எவ்வளவு என்றே சொல்ல முடியாதபோது சதவீதம் எங்கிருந்து வரும்? நம் கண் ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரை பார்க்கும், அவ்வளவுதான். அந்த இறாலை 2014இல் சோதித்துப் பார்த்தார்கள். நெருக்கமான நிறங்களைப் பிரித்தறிவதில் அது நம்மைவிட மோசம். ஏழு நிறம் நியூட்டன் இசையின் சுரங்களோடு பொருத்திப் போட்ட கணக்கு. முதலில் அவர் சொன்னது ஐந்து.

இனி திட்டு. உங்கள் பெண் கடவுள் உண்டா என்று கேட்கவில்லை, ஐயா. நீங்கள் ஏன் நம்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். வளர்ந்த பிள்ளை தகப்பனின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது எத்தனை வீட்டில் நடக்கிறது? அதற்கு யாரோ பேசிய காணொளியை அனுப்பிவிட்டீர்கள். சிரிக்காமல் என்ன செய்வாள்!

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கடவுளைக் குடிவைப்பவர்கள் வீட்டுக்காரன் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்வான் என்பதை மறந்துவிடுகிறார்கள். 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில், ஒரு வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. அகச்சிவப்பு அகப்பட்டுவிட்டது. மறுவருடமே ஜெர்மன் விஞ்ஞானி ரிட்டர் ஊதாவுக்கு அப்பால் வெள்ளி உப்பு கறுப்பதைப் பார்த்தார். அது புறஊதா. நம் கண் எவ்வளவு சின்னது என்று நமக்குச் சொன்னதே இவர்கள்தான். அதைக் கடன்வாங்கி அவர்களையே மடக்கப் பார்க்கிறீர்கள்.

சரி, ஞானிகளின் கண்ணுக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

என்னோடு படித்த ஒருவன் ரயில் ஓட்டுநர் வேலைக்கு ஆசைப்பட்டான். கண் பரிசோதனையில் புள்ளிகளாக அச்சிட்ட அட்டைகளைக் காட்டினார்கள். நிறக்குருடைக் கண்டுபிடிக்க ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917இல் வெளியிட்டவை. 74 என்று இருக்கும் அட்டையில் அவனுக்கு 21 தெரிந்தது. வேலை போயிற்று. அவன் விடவில்லை. அந்த அட்டைப் புத்தகத்தை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்து எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் காட்டினான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவும் விடவில்லை. எல்லோரும் 74 என்றுதான் சொன்னோம். "சேர்ந்து பேசி வைக்காம எல்லாரும் ஒரே நம்பர் சொல்றீங்கன்னா அங்க ஏதோ இருக்கு," என்றான். அன்றைக்கு அவன் முகம் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அவன் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதுதான் அறிவியல். தனக்குத் தெரியாத ஒன்றை, தெரிகிறவர்களின் வாக்குமூலத்தை வைத்தே உறுதி செய்துகொண்டான்.

ஞானிகளை இப்படித் தனித்தனி அறையில் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒளி என்பார், ஒருவர் இருள் என்பார், ஒருவர் பேசவே மாட்டார். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு நேர்ந்தது கண்ணின் வேலை இல்லை, அகலக் கண்ணும் இல்லை என்கிறேன். அதைப் போய் நானோமீட்டரில் அளந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

என் நண்பன் செய்ததை அவனுக்கு முன்பே செய்தவர் ஜான் டால்டன். அணுக் கொள்கையில் பெயர் வருமே, அவரேதான். 1792இல் ஒரு ஜெரேனியம் பூ அவருக்குப் பகலில் வான நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் தெரிந்தது. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை என்றார்கள். அவருடைய தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவர் ஒருவர் மட்டும் ஆமாம் என்றார். 1794இல் மான்செஸ்டரில் அதைக் கட்டுரையாகப் படித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். விழித்திரையில்தான் கோளாறு என்று ஆங்கில விஞ்ஞானி தாமஸ் யங் 1807இலேயே சொல்லியும் டால்டன் மாறவில்லை. நான் செத்தபிறகு திறந்து பாருங்கள் என்று சொல்லி வைத்தார். 1844இல் அவர் இறந்ததும் மருத்துவர் ஒரு கண்ணைத் திறந்தார். திரவம் தெளிவாக இருந்தது. இன்னொரு கண்ணின் பின்புறத்தை வெட்டி அதன் வழியாகவே பார்த்தார். சிவப்பும் பச்சையும் உள்ளபடியே தெரிந்தன. மிச்சத்தை எறியாமல் பாதுகாத்தார்கள். 1995இல் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்தபோது, நடு அலைநீளத்தை வாங்கும் பச்சை நிறமி அவருக்கு இல்லை என்று தெரிந்தது. 150 வருடம் காத்திருந்த பதில்!

இந்த டால்டன் பக்தர். குவேக்கர் சபைக்காரர். பகட்டான உடையை ஒதுக்கும், ஆயுதம் ஏந்தாத கிறிஸ்தவக் கூட்டம். 1834இல் அரசரைச் சந்திக்க வேண்டி வந்தது. அரசவை உடை என்றால் இடுப்பில் வாள் இருக்க வேண்டும், அது முடியாது. அதற்குப் பதிலாக ஆக்ஸ்போர்டு கொடுத்த டாக்டர் பட்ட அங்கியைப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அங்கியோ செக்கச் சிவப்பு, ஒரு குவேக்கர் உடுத்தக் கூடாத நிறம். டால்டனுக்கு அது மண் நிறமாகத் தெரிந்தது.

பூ விஷயத்தில் ஊரார் கண்ணைக் கேட்டவர் இங்கே யாரையும் கேட்கவில்லை. சபையில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? தன் கண் எதைத் தவறவிடுகிறது என்று கட்டுரையே எழுதியவர். அந்த அங்கி மற்றவர்களுக்குச் சிவப்பு என்பது தெரிந்தும் அதைப் போட்டுக்கொண்டு போய் நின்றார்.